சுகந்தியின் இரண்டு இனிஷியல்

மொச்சக்கொட்ட,

இந்தப் பேரை வெளியில் சொல்லக் கூடாது என்று பத்தாவது படிக்கும்போதே என்னிடம் சத்தியம் வாங்கினாய். அதை மீறித்தான் எழுதுகிறேன். உன் ஆராய்ச்சி நிலையத்தில் உன் நினைவாக ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். பெரிய பெரிய ஆட்கள் எழுதுகிறார்கள், நீங்களும் எழுதுங்கள் என்று நிவேதா சொன்னாள். பெங்களூரில் உன்கூட ஒரே அறையில் எலி வளர்த்த பெண்ணைப் பற்றி உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அஞ்சாவதோடு நின்றவள், எனக்குக் கட்டுரை எல்லாம் வராது என்றேன். "அக்காவுக்கு லெட்டர் மாதிரி எழுதுங்க ஆண்ட்டி, நான் டைப் பண்ணிக்கிறேன்" என்றாள். லெட்டர் என்றால் எழுதலாம். ஆனால் மொச்சைக்கொட்டை மாதிரி முழித்துக்கொண்டு பிறந்த பிள்ளையை முனைவர் அவர்களே என்று என்னால் ஆரம்பிக்க முடியாது. இன்னொரு காரியமும் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் நிவேதாவுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். உன் பேர் சம்பந்தப்பட்டது. "சுகந்தியக் கேட்டுச் சொல்றேம்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் போனிலேயே அழுதுவிட்டாள். வாய் விட்டது விட்டதுதான், கேட்டே விடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் முதலாக நீ ஒரு புதன்கிழமை போன் பண்ணினாயே, ஞாபகம் இருக்கிறதா. ஞாயிறு நாலு மணிக்குப் பண்ணுகிறவள் புதன்கிழமை பண்ணினால் நான் என்னவென்று நினைப்பது. எடுத்ததும், "அம்மா, ஒருத்தர் என் பேர சொல்லியிருக்காரும்மா" என்றாய். "எவன்டி அவன், எந்த ஊரு?" என்றேன். "போர்ச்சுகல்" என்றாய். "அங்க இன்னாடி உனக்குப் பழக்கம்?" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டது. நீ சிரித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது. அப்புறம் பொறுமையாகச் சொன்னாய். ஒருத்தர் கட்டுரை எழுதும்போது, இதை இன்னார் ஏற்கெனவே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார் என்று மரியாதையாகப் பேரைப் போடுவார்களாம். அப்படி எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்க ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதாம். அந்த எண் ஏறினால்தான் நாளைக்கு நல்ல வேலையாம். அன்றிலிருந்து சாப்பிட்டியா என்பதற்கு அடுத்தபடி நான் கேட்டது, "எத்தினி ஆச்சு?" பதினேழு ஆனபோது பக்கத்து வீட்டு சரோஜாவிடம் சொன்னேன், என் பெண் பேரைப் பதினேழு பேர் சொல்லியிருக்கிறார்கள் என்று. அவள் முறத்தை விட்டு நிமிரவே இல்லை. "எம் பேர ரேஷன் கடையில மாசத்துக்கு ஒருவாட்டி மைக்குல கூப்புடுறாங்க. அதுக்கு நான் பெங்களூருக்கா போனேன்?" என்றாள்.

ஒரு ஞாயிறு உன் குரல் நன்றாக இல்லை. எண் ஏறியிருக்கிறது, ஆனால் உனக்குச் சந்தோஷம் இல்லை. எந்த ஊரிலோ ஒருத்தர், நீ எலிக்குக் கொடுத்த மருந்து நீ சொன்ன அளவுக்கு வேலை செய்யவில்லை, நீ சொன்னது தப்பு என்று எழுதியிருக்கிறார். "திட்டறதும் கணக்குல வருமாடி?" என்று கேட்டேன். "வரும்மா, திட்டினாலும் பேர சொல்லித்தானே திட்டணும்" என்றாய். அப்படியானால் இந்த ஊரிலேயே என்னை அதிகம் சொன்னது உன் அத்தைதான், முப்பது வருஷமாக விடாமல் சொல்கிறாள் என்றேன். சிரித்தாய். ஆனால் அந்த ஆளை நீ திருப்பித் திட்டவில்லை. நாலு மாசம் ராப்பகலாக அதே வேலையைத் திரும்பச் செய்து பார்த்தாய். "அவர் பாதி சரிம்மா, நான் பாதி சரி" என்று சொல்லி, அதையே அச்சில் போட்டாய். எங்கள் வீட்டில் யாரும் இது வரைக்கும் பாதி சரி என்று ஒத்துக்கொண்டதில்லை. உன் நைனா முழுசாகவே சரி, நானும் முழுசாகவே சரி, அதனால்தான் முப்பது வருஷமாக ஒரு பேச்சும் முடிந்தபாடில்லை. பிள்ளைக்குப் புத்தி சொல்லத்தான் லெட்டர் எழுதுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் புத்தி சொன்னது நீ.

அப்புறம் அந்த எச் என்கிற எண். அது எட்டு ஆனதற்கு நீ எல்லாருக்கும் பால்கோவா வாங்கி வந்தாய். எட்டு கட்டுரை இருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் எட்டுப் பேராவது சொல்லியிருக்க வேண்டும், ஒன்றை மட்டும் நூறு பேர் சொன்னால் எண் ஏறாது என்றாய். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எட்டு கோழி, ஒவ்வொன்றும் எட்டு முட்டை. ஒரே கோழி நூறு முட்டை போட்டாலும் ஒன்றுதான். உன் நைனாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "நூறு முட்ட போடற கோழிய எவனாச்சும் வேணாம்னுவானா? இன்னா கணக்கு இது, கோழியே வளக்காதவன் போட்ட கணக்கு" என்று பால்கோவாவைத் தின்றுகொண்டே கோபப்பட்டார்.

அவருக்குக் கோபம் வர உரிமை உண்டு, ஏனென்றால் அது அவர் கணக்கு. இது எங்களுக்குத் தெரிய மூணு வருஷம் ஆனது. பொங்கலுக்கு வந்தபோது அச்சடித்த கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்தாய். உன் நைனாவுக்கு லாரி போர்டு படித்துப் படித்து இங்கிலீஷ் எழுத்து தெரியும். விரலை வைத்து, "எம்மு, யூ, என்னு..." என்று கூட்டிக்கொண்டே போனவர் நிறுத்தி, "இன்னா பாப்பா, இது எம் பேராச்சே" என்றார். மு. சுகந்தி என்று நீ எழுத, அந்த மு என்னவென்று வெள்ளைக்காரன் கேட்டானாம். முனுசாமி என்று விரித்து எழுதினாயாம். அதைக் குடும்பப் பேர் என்று எடுத்துக்கொண்டு, உன் பேரைச் சுருக்கிவிட்டார்களாம். நம்மூரில் அப்பா ஒரு எழுத்து, பிள்ளை முழுப் பேர். அங்கே அப்பா முழுப் பேர், பிள்ளை ஒரு எழுத்து. நீ ராத்திரியெல்லாம் கண் விழித்து எழுதியதை உலகம், முனுசாமியும் மற்றவர்களும் சொன்னது போல என்று எழுதிக்கொண்டிருக்கிறது. உன் நைனா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "மத்தவங்கன்னா யாரு?" என்று கேட்டார். "நாங்கதான் நைனா, நானும் எங்க சாரும்." "அப்ப நான்தான் மெயினு" என்றவர், அன்று முழுவதும் தோளில் துண்டோடு நடந்தார்.

அதன் பிறகு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு வண்டி வரிசையில் டிராக்டரை நிறுத்திவிட்டு, இந்தக் கதையை முன்னால் நின்ற வண்டிக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவர் அதற்கு முன்னால் நின்றவரிடம். வரிசை நகர்வதற்குள் ஆலை வாசல் வரைக்கும் போய்விட்டது. ஒருத்தர் இறங்கி வந்து, "முனுசாமிண்ணே, வெளிநாட்டுக்காரன்லாம் உன் பேரச் சொல்றானாமே, அப்படி இன்னா கண்டுபுடிச்சிருக்க?" என்று கேட்டிருக்கிறார். உன் நைனாவுக்குத் தெரிந்ததைச் சொன்னார். "எலிக்கு மருந்து." "எலி மருந்தா? கரும்பு பூரா எலிதாண்ணே, வேரையே தின்னுட்டுது. ரெண்டு பாக்கெட்டு குடேன்." இவர், அது எலியைக் காப்பாற்றுகிற மருந்து, எலிக்கு இழுப்பு, அதாவது வலிப்பு, வந்தால் நிற்கும் என்று சொல்ல, அந்த ஆள் முகம் மாறிவிட்டதாம். "ஏண்ணே, நாங்க இங்க எலியால செத்துக்கினு இருக்கோம், நீ அதுக்கு வைத்தியம் பாத்துக்கினு இருக்கியா?" ஒரு சீசன் பூராவும் உன் நைனாவிடம் யாரும் பீடிக்கு நெருப்பு கேட்கவில்லை.

சிரிக்கிற விஷயத்தை எல்லாம் சொன்னேன். இழுப்பு என்று எழுதிவிட்டேன் இல்லையா, இனிமேல் என் தப்பையும் சொல்ல வேண்டும். அஞ்சாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் இழுப்பு வந்து விழுந்தேன். அதோடு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். கல்யாணம் ஆகி வந்த எட்டாம் நாள் உன் நைனா முன்னால் விழுந்தேன். கையில் இரும்பு கொடு என்று யாரோ சொல்ல, ஒரு பெட்டிச் சாவியை வைத்து அழுத்தினார். அந்தப் பெட்டி எப்போதோ போய்விட்டது. சாவி மட்டும் இன்றைக்கும் அவர் இடுப்பு அரைஞாணில் இருக்கிறது. நீ பெங்களூர் போன முதல் வருஷ லீவில் வந்து, அவரை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாய். "நைனா, சாவிலாம் குடுக்கக் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தலைக்கு மெத்துனு எதுனா குடுத்துட்டு, மணி பாருங்க. அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா ஆசுபத்திரிக்குத் தூக்குங்க." அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "மணி பாக்கறேன் பாப்பா. சாவி எங்கையில இருக்கட்டும். எனக்கு நடுங்குதில்ல, அதுக்கு" என்றார். கள்ளக்குறிச்சியில் நல்ல டாக்டரைப் பிடித்து எனக்கு மாத்திரை எழுதி வாங்கித் தந்துவிட்டுத்தான் போனாய். அதற்கப்புறம் நான் விழுந்ததில்லை.

இத்தனை செய்த பெண்ணிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா. திருக்கோவிலூரிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அன்று காலையில் உனக்குப் பின்னிவிடும்போது, "அவங்க எதிர்ல இழுப்பு அது இதுன்னு வாயத் தொறக்காத. அம்மாவுக்கு இருக்குதுன்னு தெரிஞ்சா பொண்ணுக்கும் இருக்கும்னுவாங்க" என்றேன். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். அவர்கள் வந்து, மாப்பிள்ளையின் அம்மா கேசரியை வாயில் போட்டுக்கொண்டே, "பொண்ணு எதுல ஆராய்ச்சி பண்ணுது?" என்றார்கள். தரகர் முந்திக்கொண்டு, "மூளைங்க" என்றார். "யாரு மூளை?" "எலி மூளைங்க." "எதுக்கு?" நீ வாயைத் திறப்பதற்குள் நான், "ஞாபக சக்திக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "எம் புள்ளைக்கு ஒரு பாட்டிலு குடேம்மா. தெனம் வண்டி சாவியத் தேடிக்கினு நிக்கறான்" என்றார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். நல்ல பிள்ளைதான் பாவம்.

அப்புறம் அந்த அம்மா, கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாத்திக்கணும், எங்கள் வீட்டில் எல்லா மருமகளும் அப்படித்தான் என்றார்கள். நீ அப்போது நிமிர்ந்து, "அது முடியாதுங்க. மாத்தினா நான் ரெண்டு பேராயிடுவேன்" என்றாய். அந்த அம்மா மெதுவாகத் தட்டைக் கீழே வைத்து, தன் பிள்ளையைப் பார்த்து, "மூளைன்னப்பவே நெனச்சேன்" என்றார்கள். மீதிக் கேசரி அத்தனையும் அப்படியே கிடக்க, அஞ்சு நிமிஷத்தில் கார் போய்விட்டது. நான் உன்னைத் திட்டினேன். கேசரி வீணானதற்கும் சேர்த்துத் திட்டினேன். நீ அமைதியாகச் சொன்னாய். "அம்மா, பேர்ல ஒரு எழுத்து மாறினாக்கூட கம்ப்யூட்டரு அது வேற ஆளுன்னு பிரிச்சிடும். பேர் சொன்னதுல பாதி அங்க போவும், பாதி இங்க போவும். பைத்தியக்காரிகூட தெரிஞ்சு அத செய்யமாட்டா." இந்த வார்த்தையை நான் இப்போது ஆயிரம் முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம், கையை அலம்பிக்கொண்டு வந்து, "அது கெடக்குது. ஞாபக சக்தின்னு ஏம்மா சொன்ன? உனக்கு வந்ததுக்குத்தானே நான் மருந்து தேடிக்கினு இருக்கேன். அதையே மறைக்கச் சொன்னா, நான் எதச் சொல்லிக்கினு நிக்கறது?" என்று கேட்டாய். நான் கேசரியைக் கோழிக்குப் போடப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. மன்னிப்பு கேட்கவும் இல்லை. உன் மாதிரி பாதி சரி என்றாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருஷம் நீ என்னைக் கல்வராயன் மலைக்குக் கூப்பிட்டாய். மருந்து கண்டுபிடித்தால் மட்டும் போதாது, கொடுத்த மாத்திரையைப் பாதியில் ஏன் நிறுத்துகிறார்கள் என்று தெரிய வேண்டும், அதைக் கேட்கத்தான் போகிறேன், துணைக்கு வா என்றாய். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினோம். வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்ட, நீ எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்தபடியே வந்தாய். வெள்ளிமலை தாண்டி ஒரு ஊரில் பதினோரு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். நீ தாளை வைத்துக்கொண்டு நல்ல தமிழில் கேட்டாய், அவர்கள் நல்ல தமிழிலேயே ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடறோம், நல்லா இருக்கோம், அவ்வளவுதான். எனக்கோ உட்கார முடியவில்லை. அந்த முகங்களை எனக்குத் தெரியும், நானே முப்பது வருஷம் போட்டுக்கொண்டிருந்த முகம். "எனக்கும் இழுப்பு உண்டு" என்றேன். நம் தெருவில்கூட நான் சொல்லாததை அந்த மலையில் சொன்னேன். "எங்க வூட்டுக்காரரு கையில சாவியத் திணிச்சிக்கினே இருப்பாரு."

ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருத்தி, "சாவி தேவலக்கா. எங்க ஆளு அருவாள நீட்டுவாரு" என்றாள். "அருவாளா? இழுப்பு போறதுக்குள்ள வெரலு போயிடுமே." "அதான் மொட்ட அருவாளா ஒண்ணு தனியா வெச்சிருக்காரு." இன்னொருத்தி, "உங்களுக்கு அருவாளு. எனக்குக் கடப்பார" என்றாள். "கடப்பாரைய தூக்கி வர்றதுக்குள்ள இழுப்பு தானா நின்னுடுமேடி." "அதனாலதான் அது ராசியான கடப்பாரன்னு ஊரே வாங்கினு போவுது." அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சொன்னாள். மாத்திரையைப் பார்த்தால் மருமகளுக்குத் தெரிந்துவிடும் என்று சாமைப் பானைக்குள் ஒளித்து வைத்து, எந்தப் பானை என்று மறந்துபோனவள் ஒருத்தி. நாலு மாசம் விழவில்லை, அப்போ சாமி எடுத்துவிட்டது என்று நிறுத்தினவள் ஒருத்தி. உன் பேனா தீர்ந்துபோய் என் மளிகைச் சீட்டுப் பென்சிலை வாங்கி எழுதினாய். அருவாளும் கடப்பாரையும் வேண்டாம் என்று உன் நைனாவுக்கு எடுத்த பாடத்தை அவர்களுக்கும் எடுத்தாய். இறங்கி வரும்போது எலுமிச்சம்பழம் என் கையில் இருந்தது, என் கை உன் கையில் இருந்தது.

அந்த ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. அஞ்சு நாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

மூணாவது ஞாயிறு நாலு மணிக்குப் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை, உன் நைனாதான் எடுத்து என் காதில் வைத்தார். நிவேதா. "ஆண்ட்டி, நூத்தித் தொண்ணூறு ஆயிடுச்சு. அக்கா உங்ககிட்ட ஞாயித்துக்கிழமை சொல்லுவாங்கன்னு தெரியும், அதான்" என்றாள். எனக்கு முதலில் கோபம் வந்தது. "செத்தவங்க பேரக்கூட சொல்லுவாங்களாம்மா?" என்றேன். அவள், "அவங்களுக்குத் தெரியாது ஆண்ட்டி. அவங்க கட்டுரைய மட்டும்தான் படிச்சிருக்காங்க" என்றாள். தெரிய வேண்டாம், நீ சொல்லிவிடாதே என்றேன். எங்கேயோ நாலு பேருக்கு நீ இன்னும் எலிக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாய். இருந்துவிட்டுப் போ. அதிலிருந்து வாராவாரம் நிவேதா சொல்கிறாள், நான் சாப்பிட்டியா என்று அவளைக் கேட்கிறேன். இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு. உன் நைனா ஆலை வரிசையில் அதைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

போன ஞாயிறு அவள், "ஆண்ட்டி, ஒரு சின்னப் பிரச்சினை. அக்கா ரெண்டு பேரா இருக்காங்க" என்றாள். எனக்குத் திருக்கோவிலூர் அம்மா முகம் வந்துபோனது. மலையில் கேட்டு எழுதினாயே, அந்தக் கட்டுரை நீ போன பிறகுதான் அச்சில் வந்ததாம். அதில் உன் பேர் வேறு மாதிரி இருக்கிறதாம். கம்ப்யூட்டர் அதை வேறு ஆள் என்று பிரித்து வைத்திருக்கிறது. பழைய ஆளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு, புது ஆளுக்கு மூணு. கடைசியில் வேலை அதிகம், அவசரத்தில் கை தவறியிருக்கும், தப்பு என்று எழுதித் திருத்திவிடலாம், புத்தகத்திலும் எல்லாக் கட்டுரையும் ஒரே பேரில் வந்துவிடும் என்று உங்கள் சார் நினைக்கிறாராம். வீட்டில் சரி என்று சொல்லிவிட்டால் எழுதிப் போட்டுவிடுவார். "சரி, இன்னா பேருதான் போட்டிருக்கா?" என்றேன். "முனுசாமி இருக்க வேண்டிய எடத்துல அஞ்சலைன்னு இருக்கு. அது யாரு ஆண்ட்டி? உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். ஒரு வருஷமாக என்னோடு பேசுகிற பெண், அவளுக்கு என் பேர் தெரியாது. நான்தாம்மா என்றேன். அப்போதுதான் வாய் தவறி, சுகந்தியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றது.

உன் நைனாவிடம் சொன்னேன். மூணு கூடுகிறதே, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "எலி வாலையே மூணுவாட்டி அளக்கற பொண்ணு, அப்பன் பேர்ல கை தவறுவாளா?" என்றார். அப்புறம் சாவியை விட்டுவிட்டு, "எனக்கு மூணு கம்மி, அவ்ளோதான். உடு" என்றார். சரோஜா வேறு மாதிரி சொன்னாள். "இங்கப் பாரு, ஆத்தாக்காரி செத்த பொண்ணு கணக்குல தம் பேர நொழச்சிக்கினான்னு சொல்லுவாங்க. சாரு சொல்றபடி கேளு." அவள் சொல்வதிலும் பாதி சரி. இருநூறு பேர் ஒரு பக்கம், என் பேர் ஒரு பக்கம் என்றால் நான் எந்தப் பக்கம் நிற்பது. எனக்கு ஆசை இருக்கிறது என்பதால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் பேரை யார் கூப்பிட்டார்கள். உன் நைனாவுக்கு நான் இந்தா. தெருவுக்கு நான் சுகந்தி அம்மா. மாத்திரைச் சீட்டில்தான் என் பேர் இருக்கிறது, அதைத்தான் முப்பது வருஷம் ஒளித்து வைத்தேன்.

அதனால் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். உனக்கு அஞ்சு வயசு. மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவுக்குப் போனோம். பெண்ணை ஆற்று மணலில் நிற்க இடமில்லாத கூட்டம். நான் பொரி வாங்கித் திரும்புவதற்குள் உன்னைக் காணோம். கத்தினேன், ஓடினேன். கொஞ்ச நேரத்தில் மைக்கில் உன் குரல் கேட்டது. யாரோ உன்னை மேடையில் ஏற்றி, உன் பேர் என்ன பாப்பா என்று கேட்கிறார். நீ பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி கணீரென்று, "மு. சுகந்தி" என்றாய். "உங்கம்மா பேரு இன்னா?" "அம்மா." "அம்மா பேரும்மா, எல்லாரும் இன்னான்னு கூப்புடுவாங்க?" நீ யோசித்துவிட்டு, "இந்தா" என்றாய். ஆற்று மணல் முழுவதும் சிரித்தது. அந்த ஆளும் வேறு வழியில்லாமல், "சுகந்தியின் அம்மா, அம்மா என்கிற அம்மா, எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்" என்று அறிவித்தார். நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே பத்துப் பன்னிரண்டு பெண்கள் நிற்கிறார்கள். எல்லாரும் அம்மா, எல்லாருக்கும் பிள்ளையைக் காணோம். உன்னை இழுத்து முதுகில் ஒன்று வைத்தேன், அப்புறம் கட்டிக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில், "அஞ்சலை. சொல்லு. உங்கம்மா பேரு அஞ்சலை" என்று சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்டேன், நீ சொன்னாய். பொரியை மென்றுகொண்டே சொன்னாய். வீடு வருவதற்குள் தூங்கிப்போனாய். தோளில் போட்டு இறக்கும்போது சும்மா இருக்காமல் ஒரு தடவை கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, வாயோரம் எச்சில் வழிய, "அஞ்சலை" என்றாய்.

பெண்ணே, நிவேதாவுக்கு நான் சொல்லப் போவது இதுதான். திருத்த வேண்டாம். சேர்க்கவும் வேண்டாம். பைத்தியக்காரிகூட தெரிந்து செய்யமாட்டாள் என்று சொன்னவள் நீ, அந்த வேலையை நீயே செய்திருக்கிறாய் என்றால் அது கை தவறின காரியம் இல்லை. அந்த மூணு பேரும் இழுப்பு என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் என் பேரையும் எழுதியிருக்கிறார்கள். நான் ஒளித்து வைத்த இரண்டையும் நீ ஒரே வரியில் போட்டிருக்கிறாய். இருக்கட்டும். இருநூற்றுப் பன்னிரண்டு உன் நைனாவிடம் இருக்கட்டும், மூணு என்னிடம் இருக்கட்டும், சரோஜா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், திட்டினாலும் கணக்குதானே. எனக்கு இதெல்லாம் சரியாகத்தான் படுகிறது. ஆனாலும் நான் முழுசாகச் சரி என்று இனிமேல் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறேன். நீ ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். இப்போதும் அந்த பஸ்ஸில் நிறுத்தம் வந்துவிட்ட மாதிரிதான் இருக்கிறது. தூக்கத்திலேயே சொன்னாலும் சரி.

மொச்சக்கொட்ட, உங்கம்மா பேரு இன்னா?